மாறியும் மாறாத வளைவு

நுழையும்முன்

இயற்பியல் நூல்களில் இடம்பெறும் பெர்னௌலி தேற்றத்தை உருவாக்கியவர் டேனியல் பெர்னௌலி. கணித அறிஞர்களை மூன்று தலைமுறைகளாக ஈன்ற அவருடைய குடும்பத்தில், முதன்முதலாகக் கணிதத்தின்பால் உள்ளத்தைப் பறிகொடுத்தவர் அவருடைய பெரியதந்தை யாக்கோபு பெர்னௌலி. தந்தையின் விருப்பத்துக்கு மாறாகக் கணிதத்தைத் தேர்ந்தெடுத்து, சுருள் வடிவம் ஒன்றின் வியத்தகு பண்புகளைக் கண்டறிந்த அவ்வறிஞரின் வாழ்வை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

வணிகக் குடும்பத்து மகன்

சுவிட்சர்லாந்து நாட்டில், ரைன் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது பாசல் நகரம். பழம்பெரும் பல்கலைக்கழகத்துக்கும் அச்சகங்களுக்கும் பெயர்பெற்ற அந்நகரில் 1655ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் யாக்கோபு பெர்னௌலி பிறந்தார். அவருடைய முன்னோர் ஆண்ட்வெர்ப் நகரைச் சேர்ந்தவர்கள். ஸ்பானிய ஆட்சியின் சமயக் கொடுமைகளுக்கு அஞ்சி அவர்கள் தாயகத்தை விட்டு வெளியேறினர். யாக்கோபின் பாட்டனார் பாசலில் குடியேறி நறுமணப்பொருள் வணிகத்தில் ஈடுபட்டார். தந்தை நிக்கோலசும் அவ்வணிகத்தையே தொடர்ந்தார்.

தம் மகன் சமயப் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதன்படி யாக்கோபு பாசல் பல்கலைக்கழகத்தில் 1671இல் மெய்யியலிலும் 1676இல் இறையியலிலும் பட்டங்கள் பெற்றார். ஆயினும், அவருடைய நெஞ்சம் வானியலையும் கணிதத்தையுமே நாடியது. வீட்டாரின் எதிர்ப்புக்கிடையே அவர் அத்துறை நூல்களைத் தாமே பயின்றார். கதிரவனின் தேரைச் செலுத்தத் துணிந்த கிரேக்கத் தொன்மத்து இளைஞன் ஃபேத்தனின் உருவத்தைத் தமக்குரிய சின்னமாகக் கொண்டார். தந்தை விரும்பாதபோதும் விண்மீன்களை ஆராய்வதாகப் பொருள்படும் தொடரையும் அதனுடன் இணைத்துக்கொண்டார். அடங்காத அறிவு வேட்கைக்கு அச்சின்னமே சான்றாக நின்றது.

பயணங்களும் பணியும்

பட்டம் பெற்றபின் யாக்கோபு பாசலை விட்டுப் புறப்பட்டார். ஜெனீவாவில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் பிரான்சு சென்று டெகார்ட்டேயின் வழிவந்த அறிஞர்களின் கருத்துகளைக் கற்றார். 1681இல் தொடங்கிய இரண்டாம் பயணம் அவரை நெதர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் அழைத்துச் சென்றது. இராபர்ட் பாயில், இராபர்ட் ஹூக் முதலிய அறிவியலாளர்களை அங்கே சந்தித்தார்.

ஊர் திரும்பிய அவரைத் தேடித் திருச்சபைப் பதவி வந்தது. அதை ஏற்றிருந்தால் தந்தையின் எண்ணமும் நிறைவேறியிருக்கும். வாழ்வும் வளமாக அமைந்திருக்கும். அவரோ அதை மறுத்து, 1683 முதல் பாசல் பல்கலைக்கழகத்தில் இயக்கவியல் கற்பித்தார். 1687இல் அங்கேயே கணிதப் பேராசிரியரானார். இறுதிவரை அப்பதவியிலேயே நிலைத்திருந்தார்.

வட்டிக்கணக்கில் ஒளிந்திருந்த எண்

வணிகர் நாள்தோறும் கையாளும் கூட்டுவட்டியும் யாக்கோபின் ஆய்வுக்கு உட்பட்டது. ஒரு பொற்காசுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டி எனக் கொண்டால், ஆண்டிறுதியில் அது இரண்டு காசாகும். அவ்வட்டியையே இரு தவணைகளாகப் பிரித்து, முதல் தவணையின் வட்டியை முதலோடு சேர்த்தால், ஆண்டிறுதியில் 2.25 கிடைக்கும். நான்கு தவணைகளெனில் ஏறத்தாழ 2.44, பன்னிரண்டெனில் ஏறத்தாழ 2.61. தவணைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே சென்றால், தொகை எல்லையின்றிப் பெருகுமா என்பதே வினா.

பெருகாது என்று யாக்கோபு நிறுவினார். எத்தனை தவணைகளாகப் பிரித்தாலும் அத்தொகை மூன்றை எட்டுவதில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள ஓர் எண்ணையே நெருங்கிச் செல்கிறது. 2.71828 எனத் தொடங்கி முடிவின்றி நீளும் அவ்வெண், இன்று கணிதத்தின் அடிப்படை மாறிலிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இருப்பதற்கேற்ப வளர்வது என்பதே கூட்டுவட்டியின் இயல்பு. அதே இயல்பு, பின்னாளில் ஒரு வளைகோட்டின் உருவில் அவரை ஆட்கொண்டது.

இருவகைச் சுருள்கள்

சுருள் வடிவம் மனிதர்க்குப் பழக்கமானது. கிரேக்கரின் அயோனியத் தூண்களின் தலைப்பகுதியில் அது கலைவடிவம் பெற்றது. கணித நோக்கில் அதை விரிவாக ஆராய்ந்தவர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராக்கூசு நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு. அவர் ஆராய்ந்த சுருளில், அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையிலுள்ள தொலைவு மாறுவதில்லை. சுருட்டி வைத்த பாயை ஓரத்திலிருந்து நோக்கினால் தெரிவது ஏறத்தாழ அவ்வடிவமே. பாயின் தடிமன் எங்கும் ஒன்றாக இருப்பதால் சுற்றுகளின் இடைவெளியும் ஒன்றாகவே அமைகிறது.

மற்றொரு வகைச் சுருளில், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட ஒரே விகிதத்தில் அகன்றுகொண்டே செல்லும். முதற்சுற்றில் ஒரு விரற்கடை அகன்றது அடுத்த சுற்றில் இரண்டாகவும், அதற்கடுத்த சுற்றில் நான்காகவும் விரியலாம். ஆர்க்கிமிடீசின் சுருள் கூட்டுத்தொடர்போல் வளர்கிறது; இதுவோ பெருக்குத்தொடர்போல் வளர்கிறது. மையத்திலிருந்து இச்சுருளின் எந்தப் புள்ளிக்குக் கோடு வரைந்தாலும், அக்கோடு அப்புள்ளியிலுள்ள தொடுகோட்டுடன் ஒரே அளவான கோணத்தை அமைக்கும். ஆதலின் இது சமகோணச் சுருள் என்றும் மடக்கைச் சுருள் என்றும் வழங்கப்படுகிறது. 1638இல் டெகார்ட்டே இதனைக் குறிப்பிட்டார். இதன் முழு ஆற்றலை வெளிக்கொணரும் பணி யாக்கோபுக்காகக் காத்திருந்தது.

வியத்தகு சுருள்

1684இல் செருமானிய அறிஞர் லைப்னிட்சு, நுண்கணிதம் பற்றிய தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். சுருக்கமாகவும் புரிந்துகொள்ளக் கடினமாகவும் இருந்த அக்கட்டுரையின் பொருளை விளக்குமாறு 1687இல் யாக்கோபு அவருக்கு மடல் எழுதினார். லைப்னிட்சு நெடும்பயணத்தில் இருந்தமையால் மறுமொழி வர மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் யாக்கோபும் தம்பி யோகானும் அப்புதிய கணிதத்தைத் தாமே கற்றுத் தேர்ந்துவிட்டனர்.

அக்கருவியைக் கொண்டு 1692இல் யாக்கோபு மடக்கைச் சுருளை ஆராய்ந்தார். சுருளின் மையத்தில் ஒரு விளக்கு இருப்பதாகவும் சுருளே ஆடியாக இருப்பதாகவும் கொண்டால், எதிரொளித்த கதிர்கள் அனைத்தும் தொட்டுச்செல்லும் வளைகோடு ஒன்று உருவாகும். அதுவும் அதே சுருளாகவே அமைந்தது. சுருளின் தொடுகோடுகளுக்கு மையத்திலிருந்து செங்குத்துக் கோடுகள் வரைந்து, அவற்றின் அடிப்புள்ளிகளை இணைத்தபோதும் அதே சுருளே கிடைத்தது. பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அது சற்றே சுழன்ற நிலையில் தன் பழைய உருவையே காட்டியது. பிற வளைகோடுகள் இத்தகைய மாற்றங்களுக்கு உட்படும்போது பெரும்பாலும் வேறொன்றாகிவிடும். இச்சுருளோ ஒவ்வொரு முறையும் தானாகவே மீண்டது.

யாக்கோபு இதற்கு வியத்தகு சுருள் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். இறையியல் பயின்ற அவர் உள்ளத்துக்கு அது வெறும் வளைகோடாகத் தோன்றவில்லை. இடர்களுக்கு இடையிலும் நிலைகுலையாத உறுதிக்கும், மாற்றங்கள் பலவற்றுக்குப்பின் மீண்டெழும் மனித உடலுக்கும் அதனை அவர் உவமையாகக் கண்டார். உருளையும் அதனுள் அடங்கிய கோளமும் ஆர்க்கிமிடீசின் கல்லறையை அணிசெய்தன. அதுபோலத் தம் கல்லறையில் இச்சுருள் பொறிக்கப்பட வேண்டும் என்றும், மாறினும் அதுவாகவே மீண்டெழுவதாகப் பொருள்படும் தொடர் உடன் அமைய வேண்டும் என்றும் விரும்பினார்.

உடன்பிறந்தார் பிணக்கு

யோகான் யாக்கோபைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் இளையவர். அவரை வணிகராக்கத் தந்தை முயன்றார். பின்னர் மருத்துவம் பயில இசைந்தார். மருத்துவம் பயின்ற காலத்திலேயே யோகான் தமையனிடம் கணிதமும் கற்றார். தாம் பட்ட துன்பத்தை உணர்ந்த யாக்கோபு, தம்பிக்குத் தாமே ஆசிரியரானார்.

எனினும், நாளடைவில் அவர்களிடையே போட்டி முளைத்தது. இருமுனைகளிலும் கட்டித் தொங்கவிடப்பட்ட சங்கிலி எவ்வளைவில் அமையும் என்று 1690இல் யாக்கோபு வினவினார். லைப்னிட்சு, ஹைகன்ஸ் ஆகிய பேரறிஞர்களோடு யோகானும் அதற்கு விடை கண்டார். உயரமான ஒரு புள்ளியிலிருந்து, நேர் கீழாக அமையாத மற்றொரு புள்ளிக்கு ஒரு பொருள் மிகக் குறைந்த நேரத்தில் சறுக்கி வரும் பாதை எது என்று 1696இல் யோகான் அறைகூவல் விடுத்தார். அதற்கு விடை கண்டோருள் நியூட்டன், லைப்னிட்சு ஆகியோருடன் யாக்கோபும் ஒருவர். விடைகள் ஒத்தன, உள்ளங்கள் ஒட்டவில்லை. இதழ்களின் பக்கங்களிலேயே இருவரும் ஒருவரையொருவர் கடுமையாகக் குறைகூறினர். பாசலின் கணிதப் பேராசிரியர் பதவியில் தமையனார் இருந்தமையால், யோகான் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பணியேற்றிருந்தார். எம்மாற்றத்திலும் தன் இயல்பு கெடாத சுருளை வியந்தவருக்கு, உடன்பிறப்பின் அன்பை அவ்வாறு காத்துக்கொள்ள இயலவில்லை. ஆயினும், அப்போட்டியில் விளைந்த தீர்வுகள் கணிதத்தில் ஒரு புதிய கிளைக்கே வழிகோலின.

இருபது ஆண்டு உழைப்பு

நிகழ்தகவுத் துறையிலும் யாக்கோபு பெருஞ்சாதனை படைத்தார். ஒரு கலத்தில் 3000 வெள்ளைக் கூழாங்கற்களும் 2000 கருங்கூழாங்கற்களும் உள்ளன எனக் கொள்வோர், ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே இட்டால், அவற்றின் விகிதத்தை எத்தனை முறையில் நம்பகமாக அறியலாம்? முயற்சிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, காணும் விகிதம் உண்மை விகிதத்தை நெருங்கும் வாய்ப்பும் பெருகும் என்பதை அவர் மெய்ப்பித்தார். அவர் வகுத்த துல்லிய எல்லைக்கு 25,550 முயற்சிகள் போதும் எனவும் கணக்கிட்டுக் காட்டினார். பேரெண்களின் விதி என வழங்கும் இம்மெய்ம்மைக்காக அவர் இருபது ஆண்டுகள் உழைத்தார்.

இதே நூலில், முதல் ஆயிரம் எண்களின் பத்தாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையை அரைக்கால் மணி நேரத்துக்குள் கண்டறிந்ததாக அவர் குறிப்பிட்டுள்ளார். அதற்குத் துணைநின்ற எண்கள் பெர்னௌலி எண்கள் எனப்படுகின்றன. 1843இல் அடா லவ்லேஸ், பாபேஜின் கணிப்பொறிக்கென வகுத்த புகழ்மிக்க செயல்முறை அவ்வெண்களைக் கணக்கிடுவதற்கானதே.

கல்லில் நேர்ந்த பிழை

நிகழ்தகவு நூல் நிறைவுறுமுன்பே, 1705ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் யாக்கோபு தம் ஐம்பதாம் அகவையில் மறைந்தார். குரோனிங்கனிலிருந்து பாசலை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்த யோகானுக்கு வழியிலேயே அச்செய்தி எட்டியது. தமையனாரின் பேராசிரியர் பதவி தம்பிக்கே கிடைத்தது. நிகழ்தகவு நூல் 1713இல் அச்சேறியது.

யாக்கோபின் நினைவுக்கல்லைப் பாசல் பேராலயத்தில் இன்றும் காணலாம். அதன் அடிப்பகுதியில் ஒரு சுருளும், அதனைச் சூழ்ந்து அவர் விரும்பிய தொடரும் உள்ளன. ஆனால், அச்சுருளின் சுற்றுகளிடையே இடைவெளி சீராக அமைந்துள்ளது. மடக்கைச் சுருளுக்கு மாறாக, ஆர்க்கிமிடீசின் சுருளே அக்கல்லில் இடம்பெற்றுவிட்டது. மாறாமையைப் போற்றும் சொற்களின் நடுவே வடிவம் மாறிப்போயிற்று.

வாழும் நினைவுச்சின்னம்

கல்லில் பிழைபட்ட வடிவத்தை இயற்கை தன் படைப்புகளில் ஏந்தி நிற்கிறது. நாட்டிலஸ் என்னும் கடல்வாழ் உயிரி, வளருந்தோறும் தன் ஓட்டில் முன்னையதைவிடப் பெரிய அறையைக் கட்டிக் குடிபுகுகிறது. அளவு பெருகினும் அறையின் வடிவம் மாறுவதில்லை. இருப்பதற்கேற்ப வளர்வதால் அதன் ஓடு மடக்கைச் சுருளாக அமைகிறது. ஸ்காட்லாந்தின் உயிரியல் அறிஞர் டார்சி தாம்சன் 1917இல் வெளியிட்ட நூலில், சிப்பிகளிலும் கொம்புகளிலும் காணப்படும் இவ்வளர்ச்சி முறையை விரிவாக விளக்கினார்.

பொரி வல்லூறு இரையை நோக்கிப் பாயும் பாதையும் இச்சுருளை ஒத்திருப்பதாக 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. நேர்முன்னே உள்ளதைவிட ஏறத்தாழ 40 பாகை பக்கவாட்டில் உள்ள பொருளே அப்பறவைக்கு மிகத் தெளிவாகத் தெரியும். தலையைத் திருப்பினால் காற்றின் தடை மிகுந்து விரைவு குறையும். எனவே, தலையைத் திருப்பாமல் இரையை அக்கோணத்திலேயே நிறுத்திப் பறக்கிறது. மாறாத அக்கோணமே அதன் பாதையைச் சுருளாக்குகிறது. விண்வெளியிலோ, சுருள் விண்மீன் மண்டலங்கள் பலவற்றின் கைகள் ஏறத்தாழ இதே வடிவில் விரிந்து கிடக்கின்றன.

கற்சிற்பியின் உளி தவறவிட்ட சுருளைச் சிப்பிக்குள் வாழும் சிற்றுயிர் நாள்தோறும் பிழையின்றி வரைகிறது. தந்தையின் தடையையும் மீறி யாக்கோபு பெர்னௌலி தேடிய அறிவுக்கு, அவ்வோடே உரிய நினைவுச்சின்னம்.