ஹென்ரியேட்டா லாக்ஸ்: கதிர்வீச்சுக்குப் பின்னும் எஞ்சிய புற்றுநோய்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை நிறைவடைந்தபின், நோய் முழுமையாக நீங்கிவிட்டதா என்னும் கேள்வி உங்களுக்கும் உங்களைக் கவனித்துக்கொள்வோருக்கும் எழுவது இயல்பு. அதற்கு உரிய காலத்தில் விடை காண்பது எத்துணை முக்கியம் என்பதை ஹென்ரியேட்டா லாக்ஸின் வாழ்க்கை உணர்த்துகிறது.

வாழ்வும் நோயும்

ஹென்ரியேட்டா 1920 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, பாட்டனாரின் பராமரிப்பில் புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தார். மணமானபின் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகரின் அருகே குடியேறி, ஐந்து குழந்தைகளுக்குத் தாயானார்.

கடைசிக் குழந்தை பிறந்த சில மாதங்களில், 1951 தொடக்கத்தில், இரத்தப்போக்கும் கட்டி இருப்பது போன்ற உணர்வும் ஏற்பட்டதால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். திசுப் பரிசோதனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் உறுதியாயிற்று. முதலில் கருப்பைவாயில் ரேடியம் குழாய்கள் வைக்கப்பட்டன. பின்னர் வெளியிலிருந்து எக்ஸ்-கதிர் சிகிச்சை அளிக்கப்பட்டது.

பரிசோதனையில் கட்டி மறைந்துவிட்டதாகவே தோன்றியது. ஆனால் அவருக்கு வயிற்றில் வலி இருந்தது. அதை மருத்துவர்களிடம் கூறியபோதும் நோயின் அறிகுறி எதுவும் தென்படவில்லை. உடலின் உட்பகுதியைக் காட்டும் ஸ்கேன் கருவிகள் அக்காலத்தில் இல்லை. சில வாரங்களில் இடுப்பின் பக்கச்சுவரைப் பற்றிய கடினமான கட்டி கண்டறியப்பட்டது. 1951 அக்டோபர் 4 அன்று, 31ஆம் வயதில் அவர் காலமானார். நோய் உடலெங்கும் பரவியிருந்தது இறப்புக்குப் பிந்தைய பரிசோதனையில் தெரிந்தது.

இன்று எவ்வாறு கண்டறியப்படுகிறது?

கதிர்வீச்சின் விளைவு சிகிச்சை முடிந்த பின்னும் தொடர்வதால், கட்டி சிறிது சிறிதாகவே சுருங்கும். எனவே இடுப்பு உட்பரிசோதனையோடு, ஏறத்தாழ 3 மாதங்களுக்குப் பின் எம்.ஆர்.ஐ. அல்லது பெட்-சிடி ஸ்கேன் செய்யப்படுகிறது. ஐயம் இருப்பின் திசுப் பரிசோதனை மூலம் உறுதிசெய்யப்படும். கதிர்வீச்சு பட்ட திசு எளிதில் ஆறாது. ஆதலால் தேவையின்றி அவசரப்பட்டுத் திசு எடுப்பதில்லை.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள்:

- இரத்தப்போக்கு அல்லது துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்
- அடிவயிறு, இடுப்பு, முதுகு ஆகியவற்றில் நீங்காத வலி
- ஒரு காலில் வீக்கம்
- சிறுநீர் அளவு குறைதல்
- காரணமின்றி உடல் எடை குறைதல்

இவற்றுள் சில, கதிர்வீச்சின் பக்கவிளைவாகவும் இருக்கக்கூடும். ஆகவே அஞ்ச வேண்டாம்; அதே வேளையில் மறைக்கவும் வேண்டாம்.

எஞ்சிய நோய்க்குச் சிகிச்சை உண்டா?

உண்டு. நோய் கருப்பைவாயிலோ கருப்பையிலோ மட்டும் சிறிய அளவில் எஞ்சியிருந்தால், கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும். சிறுநீர்ப்பை அல்லது மலக்குடலுக்குப் பரவி, வேறெங்கும் பரவாதிருப்பின், அவ்வுறுப்புகளையும் சேர்த்து அகற்றும் பெரிய அறுவை சிகிச்சை சிலருக்குப் பொருந்தும். அதன்பின் சிறுநீர், மலம் வெளியேற வயிற்றில் மாற்றுவழி அமைக்க நேரலாம். எனவே குடும்பத்தாருடன் கலந்து பேசி முடிவெடுங்கள்.

இடுப்புச் சுவரைப் பற்றிய கட்டியை முழுமையாக அகற்றுவது இன்றும் கடினம். அந்நிலையிலும், தொலைவில் பரவிய நிலையிலும், கீமோதெரபியும் பொருத்தமானவர்களுக்கு நோய் எதிர்ப்புத் திறனைத் தூண்டும் மருந்துகளும் வழங்கப்படுகின்றன. வலியையும் பிற துன்பங்களையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சை எந்நிலையிலும் கிடைக்கும். சிகிச்சைக்குப் பின் முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் 5 ஆண்டு வரை 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதனைக்கு வாருங்கள்.

அவர் விட்டுச்சென்றது

ஹென்ரியேட்டாவின் கட்டியிலிருந்து, அவரது அனுமதி பெறாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகின. ஹீலா எனப்படும் அவ்வுயிரணுக்கள் போலியோ தடுப்பூசி ஆய்வில் பயன்பட்டன. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் 18ஆம் வகை அவற்றில் இருப்பது 1980களில் கண்டறியப்பட்டது. இவ்வைரஸுக்கு எதிரான தடுப்பூசி இன்று சிறுமியருக்குச் செலுத்தப்படுகிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அவரைச் சிறப்பித்தது.

அவருக்குக் கிட்டாத பரிசோதனைகள் இன்று உங்களுக்கு உள்ளன. உங்கள் உடலில் நீங்கள் உணரும் மாற்றத்தை மருத்துவரிடம் தெளிவாகக் கூறுங்கள். வலி நீடித்தால் மீண்டும் சென்று கூறுங்கள்.