ரே விஜேவர்தன
பிலிப் ரேவத விஜேவர்தன (ஆகஸ்ட் 20, 1924 - ஆகஸ்ட் 18, 2010) இலங்கையைச் சேர்ந்த பொறியியலாளர், புத்தாக்குனர், வானோடி, பாய்மரப் படகு வீரர் ஆவார். ரே விஜேவர்தன என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவர். பின்னாளில் உழவில்லா வேளாண்மையை வலியுறுத்தியவரும் இவரே.

கல்வி

கொழும்பில் பிறந்த இவர், கல்கிசை புனித தோமையார் கல்லூரியில் பயின்றார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வானூர்தி, இயந்திரவியல், வேளாண்மை ஆகிய மூன்று பொறியியல் துறைகளையும் கற்றார்.

உழவு இயந்திரமும் மனமாற்றமும்

1950களில் இவர் வடிவமைத்த இரு சக்கர உழவு இயந்திரம் 'லாண்ட் மாஸ்டர்' என்ற பெயரில் இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டு வெப்பமண்டல நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. இலங்கையில் அவ்வகை இயந்திரங்கள் அனைத்துக்கும் அதுவே வழக்குப் பெயராயிற்று.

எனினும், தாம் இயந்திரமயமாக்கியது வேளாண்மையை அன்று, எருமையை மட்டுமே என்ற முடிவுக்கு இவர் பின்னர் வந்தார். குளிர்நாட்டு உழவு முறையை வெப்பமண்டலத்தில் பின்பற்றினால், கிளறி விடப்பட்ட மேல்மண் கடுமழையில் அரித்துச் செல்லப்படும் என்பது இவரது வாதம். 1970களில் நைஜீரியாவின் இபதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றியபோது, உழாத நிலத்தில் மூடாக்கின் ஊடாக விதையை ஊன்றும் உருளைக் கருவியின் உருவாக்கத்தில் பங்காற்றினார்.

நாடு திரும்பியபின், சரிவு நிலங்களில் சமவுயரக் கோடுகளில் சீமைக் கிளுவை (கிளிரிசிடியா) வேலி நட்டு மண்ணரிப்பைத் தடுக்கும் முறையைப் பரப்பினார். அதன் இலை பசுந்தாள் உரமாகவும் கால்நடைத் தீவனமாகவும், விறகு மின் உற்பத்திக்கும் பயன்படும் என எடுத்துரைத்தார். 2005இல் இலங்கை அரசு சீமைக் கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றது.

பறத்தலும் விளையாட்டும்

வானூர்தி, உலங்கு வானூர்தி, ஆட்டோஜைரோ ஆகிய மூன்றையும் இவர் ஓட்டினார். இலேசுரக வானூர்திகளைத் தம் வீட்டிலேயே வடிவமைத்துக் கட்டி, தாமே பறந்து சோதித்தார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கை சார்பில் பங்கேற்றார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

பிற்காலம்

2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். தமது 86ஆம் பிறந்தநாளுக்கு இரு நாட்களுக்கு முன் காலமானார். இலங்கையில் புத்தாக்கங்களை ஊக்குவிக்க இவர் பெயரில் அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது.