மாக்ஸ் வேபர்

மழை தூறத் தொடங்கியவுடன் தெருவிற் செல்வோர் பலர் ஒரே சமயத்திற் குடை விரிப்பதைக் காண்கிறோம். நூறுபேர் ஒன்றாய்ச் செய்தாலும் அதனைச் சமூகச் செயல் என்று கூறலாகாது. ஒவ்வொருவரும் மழையை நோக்கினரேயன்றி மற்றவரை நோக்கினாரல்லர். இரு சைக்கிள்காரர் எதிர்பாராது மோதிக்கொள்வதும் அவ்வாறே. கல் உருண்டு கல்லின்மேல் விழுவது போன்ற வெறும் நிகழ்ச்சி அது. ஆனால், மோதுமுன் ஒருவரையொருவர் விலக முயல்வதும், மோதியபின் ஏசுவதும் அடிப்பதும், அன்றிச் சமாதானமாய்ப் பேசிப் பிரிவதும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. இத்தகைய எளிய உதாரணங்களைக் கொண்டு பெரியதொரு சாஸ்திரத்துக்கு எல்லைக்கல் நாட்டியவர் ஜெர்மானியப் பேராசிரியரான மாக்ஸ் வேபர். அவரது வரலாற்றைச் சுருக்கமாய்க் கூற முற்படுகின்றோம்.

இவர் 1864-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ந் தேதி எர்பூர்ட் நகரில் மூத்த புதல்வராய்ப் பிறந்தார். தந்தையார் சட்டம் பயின்று அரசியலிற் புகுந்தவர். உலக இன்பங்களை வெறாதவர். தாயாரோ கடுமையான பக்தியும் தன்னொறுப்பும் உடையவர். இவ்விருவருக்கும் இடையே மனப்பிளவு நாளுக்குநாள் வளர, மகன் இரண்டையும் பார்த்து வளர்ந்தார். ஹைடல்பர்க், பெர்லின் முதலிய சர்வகலாசாலைகளிற் சட்டமும் சரித்திரமும் கற்று 1889-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1893-ல் மரியான்னே என்னும் அம்மையாரை மணந்தார்.

மணத்துக்கு முந்திய ஆண்டில் இவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றை இங்கே விரித்துரைத்தல் தகும். எல்பே நதிக்குக் கிழக்கேயுள்ள பெரும் பண்ணைகளிலிருந்து ஜெர்மானியக் கூலியாட்கள் வெளியேறி வந்தனர்; அவர்க்குப் பதிலாகப் போலந்துக்காரர் பருவந்தோறும் வந்து வேலை செய்தனர். காரணம் யாது என வினவிப் பண்ணை முதலாளிகளுக்குக் கேள்வித்தாள்கள் அனுப்பப்பட்டன. வந்த விடைகளை ஆராய்ந்து வேபர் ஏறக்குறைய 900 பக்கங் கொண்ட நூலொன்று எழுதினார். கூலிக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் போனதன் காரணம் விளங்கவில்லை. பண்ணையில் நிலையான பிழைப்பு இருந்தது. வெளியேறியவர் பலர்க்கு அந்த உறுதியும் இல்லை. எனினும், தலைமுறை தலைமுறையாய் எசமானுக்கு அடங்கி வாழும் நிலையினின்று விடுபடவேண்டுமென்ற வேட்கையே அவர்களைத் தள்ளிற்று என்று இவர் கண்டார். எண்கள் வேண்டாமென்பதன்று, செயல் புரிவோன் தன் செயலில் எப்பொருளைக் கண்டான் என்பதையும் அறிந்தாலன்றி விளக்கம் நிறைவுறாது. முதலாளிகளை மட்டுங் கேட்டது குறையாகையால், பின்னர்ப் பால் கேரே என்பாருடன் சேர்ந்து நாட்டுப்புறப் பாதிரிமார்களுக்கும் கேள்விகள் விடுத்தார். கூலியாட்களையே நேரிற் கேட்டிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும் என்பது நம் கருத்து.

1894-ல் ப்ரைபூர்க்கிற் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு அங்கே ஆற்றிய முதற் பேருரையில், போலந்துக்காரர் வரவைத் தடுக்கவேண்டுமெனத் தேசப்பற்று மிகுதியாற் பேசினார். அதனை நாம் புகழ இயலாது.

பிறகு ஹைடல்பர்க்குக்கு மாறினார். 1897-ம் ஆண்டுக் கோடையில் அவர் இல்லத்திலேயே அந்தப் பேரிடர் நேர்ந்தது. தாயார் தனியே வந்து மகனுடன் தங்க விரும்ப, தந்தையாரும் உடன் வந்தார். மகன் சினந்து தந்தையைக் குற்றஞ்சாட்டி வெளியேற்றினார். சில வாரங்களுள் தந்தையார் சமாதானமாகாமலே இறந்துபோனார். அடுத்த ஆண்டில் வேபரை மனநோய் பற்றிற்று. உறக்கம் போயிற்று, வகுப்பிற் பேச இயலவில்லை, சிற்சில காலம் நூலைத் திறக்கவும் முடியவில்லை. 1903-ல் பதவியை விட்டார். காரணங்களை ஆராய்வதே தொழிலாய்க் கொண்டவருக்கும் தம் நோயின் காரணம் எளிதிற் பிடிபடவில்லை போலும்!

ஆயினும், இவரது பெரும் எழுத்துக்கள் இதன் பின்னரே தோன்றின. 1904-ல் ஸோம்பார்ட், யாபே என்பாருடன் ஒரு பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பேற்று, சமூக சாஸ்திரங்களில் நடுநிலைமை எத்தன்மையது என்று ஆராய்ந்தார். உள்ளதை ஆராய்தல் வேறு, ஆகவேண்டியதை விதித்தல் வேறு. முன்னதிலிருந்து பின்னதை எவ்வாற்றானும் பெற முடியாது என்றார். எந்தக் கேள்வியைத் தேர்வது என்பதில் ஆசிரியனது விருப்பு வெறுப்புக்கள் புகலாம். கண்ட விடையில் மட்டும் அவை புகலாகாது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வெளிவந்த கட்டுரைகளில், கால்வினுடைய சமயத்தாரின் கடுந்தொழிற் பற்றுக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். சமயமே முதலாளித்துவத்தைப் படைத்ததென அவர் சொன்னதாகக் கூறுவோர் அவரைத் தவறாய்ப் படித்தவராவர். பல காரணங்களுள் ஒன்றையே அவர் தொடர்ந்து சென்றார்.

ஒரு காரணத்தின் வலிமையை அளப்பது எங்ஙனம்? சரித்திரத்தை மீண்டும் நடத்திப் பார்க்க இயலாது. 1906-ல் இவர் எழுதிய வழி இது: கி.மு. 490-ல் மாரதான் போரிற் பாரசீகர் வென்றிருந்தால் கிரேக்கர் நாகரிகம் என்னவாயிருக்கும் என எண்ணிப் பார்க்கவேண்டும். மனத்தால் அக்காரணத்தை நீக்கி, நாமறிந்த பொது அனுபவங்களைக்கொண்டு விளைவைக் கணிக்கவேண்டும். விளைவு பெரிதும் மாறுமாயின் அக்காரணம் முக்கியமானது. கற்பனைதான், ஆயினும் இது இல்லாமல் எந்தச் சரித்திரக்காரனும் ஏனெனும் வினாவிற்கு விடை கூறியதில்லை.

நம் நாட்டையும் அவர் விடவில்லை. 1916, 1917-ம் ஆண்டுகளில் இந்து, பௌத்த சமயங்களைப்பற்றி எழுதினார். இந்தியாவைக் கண்ணாற் காணாமல், மொழிபெயர்ப்புக்களையும் சென்ஸஸ் அறிக்கைகளையும் நம்பி எழுதியமையால், ஜாதியைப்பற்றி நூல்கள் விதித்ததற்கும் ஊரில் நடப்பதற்கும் உள்ள தூரம் அவருக்குப் போதியவாறு புலப்படவில்லை என்போம். செய்கிறவன் கருத்தை அறியவேண்டுமென்ற அவர் விதி இங்கே அவரையே திருத்துகிறது.

1917-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ம்யூனிக் மாணவர்முன், கல்வியைத் தொழிலாய்க் கொள்வோன் கடமையைப்பற்றிப் பேசினார். போர்க்காலம், இளைஞர்கள் வழிகாட்டும் தீர்க்கதரிசியை எதிர்பார்த்திருந்தனர். அவரோ, எதிர்த்துப் பேச இடமில்லாத மாணவரிடம் ஆசிரியன் தன் கட்சியைப் போதிப்பது முறையன்று என்றும், தம் கொள்கைக்கு ஒவ்வாத உண்மைகளை அவர்கள் ஒப்புக்கொள்ளக் கற்பிப்பதே ஆசிரியன் பணி என்றும் உரைத்தார். கேட்டவர் சிலர் ஏமாற்றமடைந்திருத்தல் கூடும். அரசியல் மேடையிலோ அவர் வாய்மூடியிருந்தவரல்லர். வகுப்பறையும் மேடையும் வெவ்வேறு என்பதே அவர் துணிபு.

1919-ல் ம்யூனிக்கில் மீண்டும் பேராசிரியரானார். அந்தப் பதவி நீடிக்கவில்லை. 1920-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, 56-ம் வயதில், நிமோனியாவால் உயிர் நீத்தார். குடையும் சைக்கிளும் உதாரணமாய் வரும் அந்தப் பெருநூலின் முற்பகுதியே அச்சுக்குச் சென்றிருந்தது. எஞ்சிய கையெழுத்துத் தாள்களை மரியான்னே அம்மையார் ஒழுங்குபடுத்த, அந்நூல் 1922-க்குள் முழுதும் வெளிவந்தது.