ஓலை கொடுத்த வீட்டுப் பேரன்

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. நான்கே பக்கம். விலை ஒரு பைசா, அதாவது காலணா. அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 64 பிரதி வாங்கலாம். விலையைப் பெயரிலேயே சேர்த்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று வைத்திருந்தார்கள். கூலிக்குப் போகிறவர் வாங்கிப் படிக்க வேண்டும் என்பது நோக்கம். அதைத் தொடங்கியவர் சித்த மருத்துவர் அயோத்திதாசப் பண்டிதர். அப்போது அவருக்கு வயது 62.

மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் இவர் ஏன் பத்திரிகை தொடங்கினார் என்ற கேள்விக்கு விடை தேட அவருடைய தாத்தா காலத்துக்குப் போக வேண்டும்.

பண்டிதரின் தாத்தா கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக வேலை பார்த்தவர். அவர் வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள், நாலடியார் சுவடிகளை அவர் ஆரிங்டனிடம் கொடுத்தார், அவை எல்லீஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்று பண்டிதரே தம் பத்திரிகையில் எழுதி வைத்திருக்கிறார். சென்னையில் கல்விச் சங்கம் ஏற்படுத்தியவர் இந்த எல்லீஸ். திருக்குறள் முதன்முதலாக அச்சேறிய 1812ஆம் ஆண்டுதான் அந்தச் சங்கமும் தொடங்கியது. சேரியில் படிப்பு ஏது, ஏடு ஏது என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பட்லர் வீட்டுச் சுவடி அவர்களுக்குப் பதில் சொல்லும்.

ஆனால் அச்சு வந்த பிறகு நிலைமை மாறியது. ஓலையை எழுதவும் காக்கவும் எழுத்தாணியும் பரணும் போதும். அச்சுக்குக் காகிதம் வேண்டும், எழுத்து கோக்க ஆள் வேண்டும், இயந்திரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே முதல் வேண்டும். இவையெல்லாம் யாரிடம் இருந்தனவோ அவர்கள் எது நூல், எது குப்பை என்று முடிவு செய்தார்கள். வள்ளுவரின் பிறப்பைப் பற்றிய கட்டுக்கதையும் அவர்கள் போட்ட பதிப்புகளில் ஏறியது. பார்ப்பனத் தந்தைக்கும் பறைச்சித் தாய்க்கும் பிறந்ததால்தான் அவருக்கு அறிவு வந்தது என்று சொல்லாமல் சொல்லும் கதை அது. பண்டிதர் தம் வாழ்நாளெல்லாம் அதை மறுத்து எழுதினார். சுவடி கொடுத்த வீட்டுப் பேரன், அந்தச் சுவடிக்குப் போர்த்தப்பட்ட கதையை மறுக்கத் தானே ஒரு பத்திரிகை நடத்த வேண்டியதாயிற்று.

அவர் பிறந்தது 1845 மே 20ஆம் தேதி. பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் மருத்துவமும் கற்றுத்தந்த ஆசிரியர் அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பெயரையே பின்னாளில் தமக்குச் சூட்டிக்கொண்டார். ஆசிரியர் பெயரைச் சுமந்துகொள்வது அந்தக் காலத்தில் பட்டம் வாங்குவதைவிடப் பெரிய காரியம். தமிழோடு வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் அறிந்தவர். நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1885இல் அருட்திரு ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து, டிசம்பர் 1ஆம் தேதி நீலகிரியில் மாநாடு கூட்டினார்.

அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் போனார். சிவன் கோயிலுக்குள்ளும் விஷ்ணு கோயிலுக்குள்ளும் எங்களை ஏன் விடக்கூடாது என்று எழுந்து கேட்டார். சபையில் எதிர்ப்புதான் கிளம்பியது. படித்தவர்கள், பத்திரிகை நடத்துபவர்கள், தேசம் பேசுபவர்கள் நிறைந்திருந்த சபை அது. ஒரு மண்டபத்தில் எழுப்பிய கேள்வியை அந்த மண்டபத்தில் இருப்பவர்களே அடக்கிவிட முடியும் என்பதை அவர் அன்று பார்த்திருப்பார். அச்சில் ஏறிய கேள்வியை அப்படி அடக்க முடியாது. 1898இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அங்கிருந்துதான் ஒன்பது ஆண்டு கழித்துத் ‘தமிழன்’ பிறந்தது.

நம் மக்களின் பத்திரிகைகளில் அவருடையது முதலாவதல்ல. ‘சூரியோதயம்’ 1869இலேயே வந்துவிட்டது. ‘பஞ்சமன்’, ‘சுகிர்தவசனி’, ‘ஆன்றோர் மித்திரன்’, ‘மகாவிகட தூதன்’, ‘பூலோகவியாசன்’ என்று வரிசை நீளும். பண்டிதரின் மைத்துனர் ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். விளம்பரத்துக்கும் அச்சுக்கும் பத்து ரூபாய் செலவு, இரண்டே நாளில் 400 பிரதி விற்றுத் தீர்ந்தது என்று தம் தன்வரலாற்றில் சீனிவாசன் கணக்கு எழுதியிருக்கிறார். மைத்துனர் வைத்த பெயர் பண்டிதருக்குப் பிடிக்கவில்லை. இழிவுபடுத்தச் சூட்டிய பெயரை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒளித்து வைத்தால் இழிவு போகாது, உரக்கச் சொன்னால்தான் போகும் என்பது சீனிவாசன் கட்சி. இந்த வழக்கு இன்னும் நம் தெருக்களில் முடிந்தபாடில்லை.

மேலே சொன்ன இதழ்களில் பலவற்றை இன்று பெயராக மட்டுமே அறிவோம். கையில் எடுத்துப் புரட்டப் பிரதி கிடையாது. அச்சில் வருவது ஒரு போராட்டம் என்றால் அச்சில் நிலைப்பது இன்னொரு போராட்டம். இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

‘ஒரு பைசாத் தமிழன்’ ஓராண்டு ஓடியது. வாசகர்கள் விருப்பப்படி பெயரிலிருந்து பைசாவை எடுத்துவிட்டு, 1908 ஆகஸ்ட் 26 முதல் ‘தமிழன்’ என்றே வந்தது. அரசியல், வைத்தியம், இலக்கணம், வரலாறு, வாசகர் கேள்விகளுக்குப் பதில் எல்லாம் அதில் இருந்தன. ‘இந்திரர் தேச சரித்திரம்’ தொடராக வந்தது. புத்தரின் வாழ்வைச் சொல்லும் ‘ஆதிவேதம்’ 1912இல் புத்தகமானது. ஒரு பக்கம் நோயாளிகளுக்கு மருந்து, இன்னொரு பக்கம் வாராவாரம் பத்திரிகைக்கு எழுத்து. சாகும் வரை அதை அவர் நிறுத்தவில்லை.

காசு எங்கிருந்து வந்தது? ஜமீன்தாரிடமிருந்தும் வரவில்லை, மடத்திலிருந்தும் வரவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. வட ஆற்காடு முதலான ஊர்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பிப்போன நம் ஆட்கள் அங்கே பூமிக்குள் இறங்கித் தங்கம் வெட்டினார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கட்டினார்கள், எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் பண்டிதருக்குத் தோள் கொடுத்தார்கள். இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த தமிழர்களும் ‘தமிழன்’ படித்தார்கள். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், கடல் தாண்டிப் போய்ச் சந்தா கட்டினான். எழுத்தாளனுக்கு வாசகன் வேண்டும் என்பார்கள். பண்டிதருக்குக் கிடைத்தவர்கள் வாசகர்களாக மட்டும் இல்லாமல் பதிப்பாளர்களாகவும் இருந்தார்கள்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கவிதையும் கதையும் எழுதும் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். புத்தகம் போட இத்தனை ஆயிரம் கட்டு, இத்தனை பிரதியை நீயே எடுத்துக்கொள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பீடி சுற்றும் அம்மாவின் சேமிப்பில் கை வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். நூறு வருடம் முன்னால் சுரங்கக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களே என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். அந்தக் காசு ஒரு குடும்பத்தின் தலையில் விழவில்லை. ஒரு சமூகமே பகிர்ந்துகொண்டது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

1914 மே 5ஆம் தேதி பண்டிதர் காலமானார். திருக்குறளுக்கு அவர் ‘தமிழ’னில் எழுதிவந்த உரை பாதியில் நின்றது. மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் இதழை நடத்திப் பார்த்தார். பிறகு நின்றுபோனது. 1926இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு சிறு நூல்களாகப் போட்டது. அவை சங்கத்தார் வீடுகளில் புழங்கின. கல்லூரி அலமாரிக்கு வரவில்லை.

அதன் பிறகு நெடிய மௌனம். தமிழ்நாட்டுச் சமூகச் சீர்திருத்த வரலாறு எழுதியவர்கள் பலர் அவரைத் தாண்டிப் போனார்கள். நான் தமிழ் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் ஒரு தாளிலும் அவர் பெயர் வரவில்லை. உரைநடை வளர்ச்சி என்று ஒரு பாடம் இருந்தது. ஏழு ஆண்டு வாராவாரம் உரைநடை எழுதியவருக்கு அதில் இடமில்லை.

அந்தக் காலமெல்லாம் பழைய ‘தமிழன்’ இதழ்களைக் காத்து வைத்திருந்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற தனி மனிதர்கள். கறையானுக்கும் மழைக்கும் தப்பி அவை நிலைத்தது அவர்களால்தான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகளாக வந்தது. வெளியிட்டது சென்னை அல்ல, தில்லி அல்ல. மேலநீலிதநல்லூரில் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய பாளையங்கோட்டை. அங்கே தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். மூன்றாவது தொகுதி 2003இல் வந்தது. அவர் மறைந்து 85 ஆண்டு கழித்து, நம் வாசலில் அவர் மறுபடி அச்சேறினார்.

தொகுதிகள் வந்த பிறகுதான் அவரோடு சண்டை போடவும் முடிந்தது. அவருடைய சொல்லாராய்ச்சி பலவற்றை ஏற்க முடியாது, நானும் ஏற்பதில்லை. தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று பிரித்து, அருந்ததியர் உள்ளிட்ட சில சாதியாரைப் பற்றி அவர் எழுதியவை வாசிக்கையில் வலிக்கும். அருந்ததியர் தோழர்கள் அதைக் கேள்வி கேட்கிறார்கள், கேட்க வேண்டும். சிலைக்கு மாலை போடுவதோடு நிற்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. பக்கத்தைப் புரட்டுபவர்களுக்குத்தான் உண்டு.

தாம்பரத்தில் இன்று அவர் பெயரில் மருத்துவமனை இருக்கிறது. 2005இல் தபால்தலையும் வந்தது. நம் பக்கத்து நூலகங்களில் மூன்று தொகுதிகளும் இருக்கின்றனவா என்று பிள்ளைகள் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும். குறளுக்கு அவர் எழுதி முடிக்காத உரையும் அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது.