களவு போன நாலு தபால்தலைகள்

அமெரிக்காவில் தபால்தலை சேர்ப்பவர்கள் எத்தல் மெக்காய் அம்மையாரை மறப்பதில்லை. 1893-ம் ஆண்டு பிறந்தவர். பணக்கார வீட்டுப் பெண். தந்தை பெர்க்ஸ்டிரெஸர், டோ, ஜோன்ஸ் என்ற இருவருடன் சேர்ந்து 1882-ல் ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் டோ ஜோன்ஸ் கம்பெனி. பெயர்ப் பலகையில் ஏனோ அவர் பெயருக்கு மட்டும் இடமில்லை!

மகளுக்குத் தபால்தலை என்றால் உயிர். அதிலும் விமானத் தபால்தலை என்றால் விலையைப் பார்க்கமாட்டார். அவரிடம் இருந்தவற்றில் உலகமே வியந்தது நாலு தபால்தலைகளைத்தான். அவற்றின் கதையைச் சொல்லவேண்டும்.

1918-ம் ஆண்டு அமெரிக்கா 24 சென்ட் விலையில் ஒரு விமானத் தபால்தலை வெளியிட்டது. சுற்றிலும் சிவப்புச் சட்டம், நடுவில் நீல நிற விமானம். இரண்டு நிறம் என்பதால் இரண்டு முறை அச்சடித்தார்கள். அதில் ஒரு தாள் தலைகீழாகப் போய்விட்டது. விமானம் குப்புறக் கவிழ்ந்து பறந்தது!

அந்தத் தாளில் 100 தபால்தலைகள். ராபி என்பவர் வாஷிங்டன் தபால் ஆபீசில் 24 டாலர் கொடுத்து அதை வாங்கினார். சில நாட்களில் கிளைன் என்ற வியாபாரிக்கு 15,000 டாலருக்கு விற்றார். கிளைன் அதைக் கர்னல் கிரீன் என்ற செல்வரிடம் 20,000 டாலருக்குத் தள்ளினார்.

கிரீன் தாளைப் பிரிக்க நினைத்தார். கிளைன் அப்போது ஒரு நல்ல காரியம் செய்தார். ஒவ்வொரு தபால்தலையின் பின்புறத்திலும் பென்சிலால் இலேசாக எண் போட்டார். 1 முதல் 100 வரை. பிற்காலத்தில் அந்த எண்கள் எவ்வளவு உதவப்போகின்றன என்பது அன்று யாருக்குத் தெரியும்?

65, 66, 75, 76 ஆகிய நாலும் ஒட்டிய ஒரே கட்டம், 1930-களில் அம்மையாரிடம் வந்தது. விலை 16,000 டாலர்.

இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் பத்துப் பேர் பார்க்காத பொருளால் என்ன பயன்? அம்மையார் அதைக் கண்காட்சிக்கு அனுப்பினார். அதற்காக அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1955-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். வர்ஜீனியா மாநிலம், நார்போக் நகரம். அமெரிக்கத் தபால்தலைச் சங்கத்தின் மாநாடு. கூட்டம் வந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவில் நாலு தபால்தலைகளும் மாயமாய் மறைந்தன! திருடன் யாரென்று இன்றுவரை துப்புத் துலங்கவில்லை.

திருடிவிட்டான், ஆனால் விற்பது எளிதா? கட்டமாக விற்றால் உடனே அகப்படுவான். நாலையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்க ஓரப் பற்களையும் மாற்றினார்கள். அழகான பொருளை இப்படிக் கெடுத்தார்களே!

ஆனாலும் அடையாளம் அழியவில்லை. சட்டத்துக்குள் விமானம் இருக்கும் இடம் ஒவ்வொரு தபால்தலையிலும் மயிரிழை வேறுபடும். அது கைரேகை மாதிரி. நிபுணர்கள் அதை வைத்தே எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

1977-ல் ஒன்று கிடைத்தது. அம்மையாருக்கு அப்போது 80 வயதுக்கு மேல். மற்றவையும் தம் காலத்திலேயே வரும் என்று அவர் நம்பியிருக்கவில்லை போலும். 1979-ல் நாலின் உரிமையையும் அமெரிக்கத் தபால்தலை ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். கையில் இல்லாத பொருளைத் தானம் செய்த அதிசயம் இது! அடுத்த ஆண்டு காலமானார்.

அவர் மறைந்தபின் இரண்டாவது கிடைத்தது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேச்சே இல்லை. 2016-ல் வட அயர்லாந்து இளைஞர் ஒருவர், தாத்தாவின் சொத்து என்று நம்பி ஒரு தபால்தலையை ஏலக் கம்பெனிக்குக் கொண்டுவந்தார். நிபுணர்கள் பார்த்தார்கள். எண் 76! இளைஞர் உரிமையை விட்டுக்கொடுத்தார். 50,000 டாலர் வெகுமதி பெற்றார். அந்த ஆண்டே நியூயார்க் உலகத் தபால்தலைக் கண்காட்சியில் அது நூலகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

எண் 66 மட்டும் இன்னும் வரவில்லை.