வட்டங்கள் கீறிய ஜோன் வென்

கிளிவெட்டியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். பெறாமகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கொப்பியில் ஒரு செவ்வகம், அதற்குள் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள். வென் வரிப்படமாம். இந்த வென் ஆர் சின்னம்மா என்று கேட்டாள். ஊடகக் கற்கையில் பட்டம் வாங்கிய எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

ஜோன் வென் 1834இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தகப்பனார் ஹென்றி வென், சேர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக சுமார் 30 ஆண்டுகள் இருந்தவர். யாழ்ப்பாணம் சுண்டுக்குளி பரி. யோவான் கல்லூரியைத் தொடக்கிய அதே சங்கம்தான். தலைமுறை தலைமுறையாகப் பாதிரிமார் வந்த குடும்பம். மகனும் கேம்பிரிட்ஜில் கணிதம் முடித்து, 1859இல் குருவானார். ஆனால் சில ஆண்டுகளிலேயே, 1862இல், தருக்கம் கற்பிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டார்.

1866இல் நிகழ்தகவு பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. தனி ஒருவருக்கு என்று நிகழ்தகவு கிடையாது, ஒரு கூட்டத்துக்குள் எத்தனை முறை ஒன்று நடக்கிறது என்பதே நிகழ்தகவு என்பது அவருடைய நிலைப்பாடு. அதிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கிறது, அதை அவரே கண்டார். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் பல கூட்டங்களுக்குள் இருக்கிறார். ஐம்பது வயதுக்காரர், காசநோயாளி, ஆங்கிலேயர் என்று ஒரே ஆளை மூன்று விதமாக வகுத்தால், ஆயுள் பற்றிய கணக்கும் மூன்று விதமாக வரும். எந்தக் கூட்டத்தை எடுப்பது?

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். எங்கள் தலைமுறை இந்தக் கேள்வியைச் சோதனைச்சாவடிகளில் படித்தது. 2006இல் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்த சனங்கள் பல ஆண்டுகள் இந்தக் கிளிவெட்டி முகாமில் இருந்த காலம் அது. பஸ்ஸை மறித்து இறக்குவார்கள். அடையாள அட்டையில் பெயரும் விலாசமும் பார்த்த உடனேயே நான் எந்த வட்டம் என்று முடிவாகிவிடும். நான் மாணவி என்ற வட்டத்தை ஒருவரும் கீறவில்லை.

பெறாமகளின் கொப்பியில் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். செவ்வகத்துக்குள் 1000 பயணிகள். ஒரு வட்டம் தமிழர், 400 பேர். மற்ற வட்டம் உண்மையில் தேடப்படுவோர், 10 பேர். இரண்டும் வெட்டும் இடத்தில் 9 பேர். இப்போது தேடப்படுவோர் வட்டத்துக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் கையால் மறை. மிச்சம் 10 பேர், அதில் தமிழர் 9. நூற்றுக்குத் தொண்ணூறு. கையை எடுத்து, தமிழர் வட்டத்தை மட்டும் விட்டு மறை. 400 பேரில் தேடப்படுபவர் அதே 9 பேர்தான். நூற்றுக்கு இரண்டேகால். 391 பேர் சும்மா வெயிலில் நிற்கிறார்கள். நிபந்தனை நிகழ்தகவு என்பது கையை எங்கே வைக்கிறோம் என்பதுதான். முதல் எண்ணை இரண்டாவதாக எண்ணிக்கொண்டவர்களிடம்தான் நாங்கள் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தோம்.

வென் படங்களை இதற்காகக் கீறவில்லை, தருக்கத்துக்காகக் கீறினார். 1880இல் வந்த கட்டுரை அது. அவருக்கு முன்பே ஒய்லர் வட்டம் கீறியிருந்தார். ஆனால் ஒய்லரின் முறையில் எது எதற்குள் அடங்கும் என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். வென்னோ சாத்தியமான எல்லா வெட்டுக்களையும் முதலில் கீறிவிட்டு, வெறுமை என்று உறுதியான பகுதியை மட்டும் பிறகு நிழற்றினார். எனக்கு இந்த ஒழுங்குதான் பிடித்தது.

1883இல் குருத்துவத்தைத் துறந்தார், கடவுள் நம்பிக்கையை விடவில்லை. அதே ஆண்டு ரோயல் சொசைட்டி உறுப்பினரானார். கைவேலைக்காரர். அவர் செய்த பந்துவீச்சு இயந்திரம், 1909இல் கேம்பிரிட்ஜ் வந்த ஆஸ்திரேலிய அணியின் முன்னணி வீரர் ஒருவரை நான்கு முறை ஆட்டமிழக்கச் செய்ததாம். கடைசிக் காலத்தில் மகனோடு சேர்ந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர்களின் பெயர்களை ஒவ்வொருவராகத் திரட்டினார். கூட்டங்களைப் பற்றி எழுதியவர் தனி ஆட்களின் பட்டியலில் போய் நின்றது விசித்திரம்தான்.

1923 ஏப்ரல் 4இல் இறந்தார். அவருடைய கல்லூரி மண்டபத்து யன்னலில் நிறக் கண்ணாடியில் மூன்று வட்டங்கள் இருக்கின்றன. படத்தைக் கைபேசியில் காட்டினேன். பெறாமகள் தன் கொப்பியில் மூன்றாவது வட்டம் ஒன்றைக் கீறி, மாணவர் என்று எழுதி, துண்டுகளை எண்ணத் தொடங்கினாள். ஏழு என்றாள். வெளியே இருப்பதையும் சேர் என்றேன். எட்டு.