பட்டாளத்தில் ஊழியம் செய்த பிஷப்

பிஷப் என்றாலே எனக்கு அங்கியும் கோலும்தான் ஞாபகம் வரும். மைக்கேல் ஹாலிஸ் ஐயாவைப் பற்றி பைபிள் காலேஜில் படித்தபோது வெட்கப்பட்டேன்.

1899-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். தகப்பனாரும் பிஷப். திருநெல்வேலிச் சீமையில் மிஷனரி, பிறகு உலகப்போரில் பட்டாளத்து சாப்ளின். ஜப்பான்காரன் வந்துடுவானோன்னு மெட்ராஸே கலங்கிய 1942-ல் அங்கே ஆங்கிலிக்கன் பிஷப்பானார்.

நம்ம பெரியகுளம் பக்கத்து அமெரிக்கன் மிஷன் சபைகளுக்கு அப்போ பிஷப்பே கிடையாது. 1947 செப்டம்பர் 27-ல் அவர்களும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும் ஒன்றாகி தென்னிந்திய திருச்சபை ஆனது. மிஷன் ஐயர்மாருக்கு மறுபடி குருப்பட்டம் கொடுக்கவில்லை. அதற்காகவே இங்கிலாந்தில் பலர் எதிர்த்தார்கள். ஹாலிஸ் பின்வாங்கவில்லை; முதல் மாடரேட்டரானார். 1954-ல் பதவியை விட்டு, பெங்களூர் இறையியல் கல்லூரிக்கு வாத்தியாராகப் போனார். மெட்ராஸுக்கு அடுத்து வந்த பிஷப் நம்ம நாட்டவர், டேவிட் செல்லப்பா.